முந்நூறு நாள் வெயில்

பெப்ரவரி 9, வியாழன்

இன்று முதலாளி ப்ரூனர் என்னைக் கூப்பிட்டு இருத்திக் கோப்பி தந்தார். இந்த ஹோட்டலில் நான் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம். அவர் கையால் கோப்பி குடிப்பது இது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் என் லீவில் கை வைத்தார். அதனால் பாதிக் கோப்பி வரைக்கும் பயந்துகொண்டே இருந்தேன்.

விஷயம் வேறு. ஹோட்டலின் இணையப் பக்கத்தில் தமிழிலும் ஒரு பக்கம் வேண்டுமாம். இரண்டு மூன்று வருடமாகச் சூரிச், பாரிஸ், லண்டன் என்று நம்முடைய ஆட்கள் இந்த மலைக்கு வருகிறார்கள். பனியில் சறுக்கத் தெரியாது, பழகவும் மாட்டார்கள். பட்டுச் சேலையோடு நின்று நூறு படம் எடுப்பார்கள், சோறு இருக்கிறதா என்று கேட்பார்கள், போய்விடுவார்கள்.

“எப்படிப்பட்டவர் வந்தாலும் அவருக்கென்று இங்கே ஒன்று இருக்கிறது. அப்படி எழுது,” என்றார். “வருடத்தில் முந்நூறு நாள் வெயில். அது முதல் வரியில் வரவேண்டும்.”

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். இருபத்திரண்டு அறைகளையும் துப்புரவாக்குகிறவள் நான். விருந்தினரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? சறுக்க வருகிறவர்கள் ஈரக் காலுறைகளை விளக்கின் மேலே காயப்போடுவார்கள். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் திரைச்சீலையைத் திறப்பதே இல்லை. மலையைப் பார்க்க ஏன் இவ்வளவு தூரம் வந்தார்களோ. பிள்ளைக்காரரின் கட்டிலுக்குக் கீழே கட்டாயம் ஒரு கையுறை கிடக்கும், ஒன்றுதான் கிடக்கும். வயதானவர்கள் சறுக்க மாட்டார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் மாடியில் ஓணான் மாதிரிக் கிடப்பார்கள்.

இதை என் கணவர் நேசனுக்கு வாசித்துக் காட்டினேன். இவர் இதே ஹோட்டலின் சமையலறையில் வேலை.

“எங்கடை ஆக்களுக்கு என்ன எழுதப் போறாய்?”

“சோறு கிடைக்கும் எண்டு.”

“அது காணும். வந்திடுவினம்.”

பெப்ரவரி 13, திங்கள்

வெள்ளிக்கிழமை லண்டனில் இருந்து ஒரு கலியாணச் சோடி படம் எடுக்க வருகிறது. பெண்ணை நான்தான் சோடிக்கிறேன். லீவு நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போவேன், ஊரறிந்த கைராசி எனக்கு. காலையில் ஒரு சேலை, மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு சேலை.

பெண் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைத்தாள். கால் படாத பனி வேண்டுமாம். படத்தில் பின்னால் சறுக்குகிற ஒருவர்கூட விழக்கூடாதாம், ஒரு தடம் இருக்கக்கூடாதாம். மேலே கேபிள் கார் நிலையத்துக்குப் பின்னால் அப்படி ஒரு சரிவு இருக்கிறது என்று இவர் சொன்னார். தெற்கே பார்த்தது, நாள் முழுக்க வெயில். ஆனால் கயிறு கட்டி மூடியிருக்கிறார்கள்.

மகள் ஆரணிக்கு அது பிடிக்கவில்லை. பதினாறு வயது, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் சறுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “அப்பா, மூடியிருக்கு எண்டா மூடித்தான் இருக்கு. காலமை பரவாயில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வெயில் ஏறினா அந்தப் பனி இளகும். அப்பிடியே கழண்டு வரும்.”

இவர் சிரித்தார். “கயிறுதானே பிள்ளை. வன்னியிலை மிதிவெடி எண்டு மண்டையோடு போட்ட பலகையைக் கண்டா நான் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டன். இது சறுக்கிற ஆக்களுக்குக் கட்டினது. நாங்கள் சும்மா நிண்டு படம் எடுக்கிறதுக்கு மலை இடிஞ்சு விழுமே?”

யுத்தத்துக்குள் இருந்து உயிரோடு வந்த மனிதர். ஆபத்து என்றால் அது மண்ணுக்குக் கீழே புதைந்திருக்கும், அல்லது இருட்டில் வரும். நல்ல வெயில் எறிக்கிற நேரத்தில் ஒன்றும் வராது என்பது இவருடைய நம்பிக்கை. எனக்கும் அதுதான்.

பெப்ரவரி 17, வெள்ளி

ஐந்து மணிக்கே எழும்பிவிட்டேன். வானத்தில் ஒரு முகில் இல்லை. படம் நன்றாக வரும். மிச்சத்தைப் பின்னேரம் எழுதுகிறேன்.

பெப்ரவரி 21, செவ்வாய்

இவரைத் தேடுகிறார்கள்.

பெப்ரவரி 23, வியாழன்

பொலிசுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரை கயிற்றுக்கு அந்தப் பக்கம் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை, பெண், படக்காரர், நான், இவர். எல்லோரும் ஒன்றாகக் கீழே வந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒன்று முப்பத்தைந்துக்கு இவர் தனியாகத் திரும்பவும் கேபிள் காரில் மேலே போயிருக்கிறார். கயிற்றுக்குக் கீழே குனிந்து போவது நிலையத்துக் கமராவில் இருக்கிறது. இரண்டு பத்துக்குச் சரிவு முழுவதும் கழன்று பள்ளத்துக்குள் போனது. சத்தம் ஹோட்டல் வரைக்கும் கேட்டது. யாரோ கூரைப் பனியைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன்.

நாய்கள் வந்தன. நீளக் கம்பிகளால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஆறு நாள். இன்று நிறுத்திவிட்டார்கள். மேலே இன்னும் பனி தொங்குகிறது, தேடுகிறவர்களுக்கு ஆபத்து. உருகும்வரை பொறுக்க வேண்டுமாம். ஏப்ரல் கடைசி, இல்லாவிட்டால் மே.

பொலிஸ்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அவர் ஏன் திரும்பிப் போனார் என்று. தெரியாது என்றேன். அப்படியே எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

பெப்ரவரி 24, வெள்ளி

ஆரணி இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். “அப்பா ஏன் திரும்பிப் போனவர்?”

தெரியாது பிள்ளை என்றேன்.

பெப்ரவரி 27, திங்கள்

வேலைக்குப் போனேன். ப்ரூனர் வேண்டாம் என்றுதான் சொன்னார். வீட்டில் இருந்தால் யன்னலில் பள்ளம் தெரிகிறது. ஹோட்டலிலும் தெரியும், ஆனால் அங்கே கட்டில் விரிக்க வேண்டும்.

வெயில் மாடியில் காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. அது எப்போதும் எதிரே உள்ள பெரிய சிகரத்தைப் பார்த்து நிற்கும். இன்று துடைக்கப் போனபோது பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கண்ணாடி முழுக்க விரல் அடையாளம். ஐந்தாம் இலக்க அறைக் கிழவி கேட்டாள், “அந்த மனிதன் அங்கேதானே இருக்கிறான்?” ஆமாம் என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கம்பளி கொண்டுவர முடியுமா என்று கேட்டாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

மார்ச் 6, திங்கள்

இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. விருந்தினர் எல்லோரும் கலியாண வீடு மாதிரிச் சந்தோசமாக இருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்து வாழ்த்துச் சொல்கிறார்கள். அறுபது சென்ரிமீற்றர் என்று ப்ரூனர் கையால் அளந்து காட்டினார், என்னைக் கண்டதும் கையைக் கீழே போட்டார்.

இவருக்கு மேலே இன்னும் அறுபது சென்ரிமீற்றர்.

இந்த மலையில் எல்லோரும் ஒன்றைக் கேட்டு வருகிறார்கள். சறுக்குகிறவனுக்குப் பனி வேண்டும். கிழவிக்கு வெயில் வேண்டும், ஆனால் பனி உருகக்கூடாது. எனக்கு இந்த மலை முழுவதும் ஒரே கிழமையில் உருகித் தண்ணீராக ஓடவேண்டும். ஹோட்டலே மூடினாலும் பரவாயில்லை.

மார்ச் 12, ஞாயிறு

தமிழ்ப் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். ப்ரூனர் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். அரைகுறையாகக் கிடந்தால் எனக்கு நித்திரை வராது.

‘வருடத்தில் முந்நூறு நாள் வெயில். சறுக்கப் பழகுகிறவர்களுக்கு மெல்லிய சரிவு, பழகியவர்களுக்குச் செங்குத்துச் சரிவு. பிள்ளைகளுக்குச் சறுக்கு வண்டி. சறுக்காதவர்களுக்குக் கேபிள் கார். முதியவர்களுக்கு வெயில் மாடி. புதுமணத் தம்பதிகள் படம் எடுக்க ஏற்ற இடங்கள்.’ கடைசி வரியை எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டிவிட்டு, ‘மூடிய கயிற்றைத் தாண்டவேண்டாம்’ என்று எழுதினேன். தமிழ்ப் பக்கத்தில் மட்டும்தான் அந்த வரி இருக்கிறது.

ஆரணி இரவுச் சாப்பாட்டில் திரும்பவும் கேட்டாள். “அப்பாவுக்கு நான் சொன்னனான்தானே. மத்தியானத்துக்குப் பிறகு போகக்கூடாது எண்டு சொன்னனான்தானே. ஏன் போனவர், அம்மா?”

“அவருக்கு ஆர் சொன்னாலும் ஏறாது,” என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “மொக்கு அப்பா,” என்றாள். கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். தகப்பனை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசாத பிள்ளை. நான் கண்டிக்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

இன்று முப்பத்தோராம் நாள். வீடு நிறைய ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போகவேண்டிய நாள். செத்த வீடே நடக்காமல் முப்பத்தொன்று எப்படிச் செய்வது?

இவருடைய அக்கா, சரோ மச்சாள், பேர்னில் இருந்து வந்தார். கோயில் ஐயரிடம் கேட்டிருக்கிறார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைக்கலாமாம். மகன் இல்லாதபடியால் ஆரணி வைக்கலாமாம், இந்த நாட்டில் இப்போது அது வழக்கமாம்.

“புல்லுப் பொம்மைக்கு நான் கொள்ளி வைக்கமாட்டன்,” என்றாள் ஆரணி. “உண்மையான அப்பா வந்தாலும் வைக்கமாட்டன். அவராத்தானே போனவர். சொல்லச் சொல்லக் கேளாமல் அவராத்தானே போனவர்? என்ன, அம்மா?”

மச்சாள் அழுதார். “என்ரை தம்பி அப்பிடி விசரன் இல்லையடி பிள்ளை.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

போகும்போது மச்சாள் என் நெற்றியைப் பார்த்தார். பொட்டு வைத்திருந்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

வெயில். பன்னிரண்டு பாகை. கூரையில் இருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டியது. விருந்தினர் முகம் சுளித்தார்கள். நான் மூன்று தடவை வெளியே போய் நின்று கேட்டேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஹோட்டல் சலவை அறையில் இருந்து எழுதுகிறேன். இயந்திரச் சத்தத்தில் ஒருவரும் வரமாட்டார்கள்.

நான்தான் அனுப்பினேன்.

சேலைக்குக் குத்துகிற பின்கள் எல்லாம் ஒரு தகரப் பிஸ்கட் ரின்னில் வைத்திருப்பேன். படம் எடுத்த இடத்தில் ஒரு கல்லின் மேலே வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டேன். மூன்று மணிக்குப் பெண்ணுக்கு இரண்டாம் சேலை உடுத்தவேண்டும். பின் இல்லாமல் எப்படி உடுத்துவது? இவர் சமையலறை மூலையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். போய் எடுத்து வாருங்கோ என்றேன்.

“வெயில் ஏறியிட்டுது, மலர். பிள்ளை சொன்னவளெல்லே. ஹோட்டலிலை ஆரிட்டையும் பின் இருக்கும், கேள்.”

இருந்திருக்கும். வரவேற்பறையிலேயே இருந்திருக்கும். தையல் பெட்டி இல்லாத ஹோட்டல் எங்கே இருக்கிறது? எனக்குப் போய்க் கேட்க வெட்கம். கைராசிக்காரி பின்னை விட்டுவிட்டு வந்தாள் என்று பெண் நினைப்பாளே என்று வெட்கம். கோபமும் வந்தது.

“உங்களுக்கு எப்பவும் பஞ்சி, எழும்ப மனம் வராது. கயிறுதானே எண்டு நீங்கள்தானே சொன்னியள்?” என்றேன்.

அவர் எழும்பினார். கோபிக்கவில்லை, சிரித்தார். சாப்பாட்டுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி வைத்துவிட்டு, “வந்து சாப்பிடுறன்,” என்று சொல்லிப் போனார்.

பொலிசுக்குப் பயந்து மறைக்கவில்லை. மனைவி பின் எடுக்க அனுப்பியதற்கு ஒரு நாட்டிலும் சட்டம் இல்லை. ஆரணிக்கு மறைத்தேன். அவளுக்கு இனி இருப்பது நான் ஒருத்தி. இந்த ஒருத்தியையும் வெறுத்துவிட்டால் அவள் யாரிடம் போவாள், நான் யாரிடம் போவேன்? செத்தவரை வெறுத்தால் அவருக்கு நோகாது என்று நினைத்தேன். பிள்ளை தகப்பனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். என்னைப் போல ஒரு கேவலமான மனுசி இந்த மலையில் இல்லை.

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பாடசாலைக்குப் பிந்திவிட்டது என்று ஓடிவிட்டாள். பின்னேரம் அவளுக்குத் தலையிடி.

ஏப்ரல் 9, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்றோடு பனிக்காலம் முடிந்தது. கேபிள் கார் நின்றுவிட்டது. கடைசி விருந்தினர் கையசைத்துப் போனார்கள். மொத்தம் ஏழு ஒற்றைக் கையுறைகள்.

ஆரணி கதவடியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “அண்டைக்கு அப்பா சாப்பிட்டவரோ, அம்மா?”

“ஓம்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதில்கூடப் பொய்.

மே 6, சனி

கிடைத்துவிட்டார். பள்ளத்தின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில். மேய்ச்சல் வேலி போடப் போனவர் கண்டிருக்கிறார். முகம் அப்படியே இருக்கிறது என்று பொலிஸ்காரப் பெண் சொன்னாள். அதை ஒரு நல்ல செய்தி மாதிரித்தான் சொன்னாள். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

பொட்டை அழித்தேன்.

மே 11, வியாழன்

பேர்னில் எரித்தோம்.

அறுபது எழுபது பேர் வந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. கொஞ்சம் கறுத்திருந்தார், வேறு ஒன்றும் இல்லை. ஐயர் எல்லாம் செய்து முடித்து, வாய்க்கரிசி போட வரச்சொன்னார். முதலில் பிள்ளை. ஆரணியைக் காணவில்லை.

வெளியே, மேற்சட்டைகள் கொழுவுகிற இடத்தில் நின்றாள். சரோ மச்சாள் கெஞ்சிக்கொண்டிருந்தார். “உன்ரை அப்பாவடி. கடைசியா ஒரு பிடி அரிசி. ஒரு பிடி.”

“மாட்டன், மாமி. அவருக்கு எங்களை விடக் கயிறு தாண்டுறது பெரிசாப் போச்சு. நான் ஏன் போடவேணும்?”

உள்ளே ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெத்த பிள்ளையே வாய்க்கரிசி போடாமல் போகிற மனிதர் என்று இவரைப் பார்த்துப் பரிதாபப்படப் போகிறார்கள். பதினொரு கிழமை பனிக்குள் கிடந்தவருக்கு இதுவும் வேண்டுமா? மச்சாளை உள்ளே போகச் சொன்னேன். ஆரணியின் இரண்டு கையையும் பிடித்தேன்.

“பிள்ளை, அப்பா தானாப் போகேல்லை. நான்தான் அனுப்பினனான். பின் ரின்னை மேலை விட்டிட்டு வந்திட்டன். அவர் வேண்டாமெண்டவர். நான் ஏசி அனுப்பினனான். சாப்பிடவும் இல்லை.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவள் கைபேசியை எடுத்து என் காதில் வைத்தாள். இவருடைய குரல். கேபிள் காரின் இரைச்சலோடு.

“பிள்ளை, அப்பா இண்டைக்கு உன்னை ஏத்த வரேல்லை, நீ பஸ்ஸிலை வா. அம்மா பின் ரின்னை மேலை விட்டிட்டா. ஹோட்டலிலை ஆரிட்டையும் கேள் எண்டனான், கோவிக்கிறா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன். நீ ஏசாதை, என்ன?”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“அண்டைக்கே தெரியும்.”

“பொலிசுக்கு...”

“காட்டேல்லை. காட்டினா உங்களை எல்லாரும் கதைப்பினம்.”

“எனக்கு ஏன் பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

அவள் மூக்கைத் துடைத்தாள். “நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான், அம்மா.”

பிறகு உள்ளே போனாள். அரிசியை இரண்டு கையாலும் அள்ளி, ஒரு மணி கீழே சிந்தாமல் தகப்பனின் வாயில் போட்டாள். கன்னத்தைத் தடவினாள். ஐயர் கொள்ளி என்றபோது அவளே முன்னுக்கு வந்தாள். எல்லோரும் அழுதார்கள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று என்னிடம் சொன்னார்கள்.

மே 21, ஞாயிறு

பள்ளத்தில் புல் வந்துவிட்டது. மாடுகளின் மணி கேட்கிறது. ஹோட்டல் அடுத்த மாதம் திறக்கும். கோடைகாலத்தில் நடக்க வருகிறவர்களுக்கும் ஒரு தமிழ்ப் பக்கம் வேண்டும், அவசரம் இல்லை என்று ப்ரூனர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆரணி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. மச்சாள் வீட்டுக்குப் போய் இருக்கிறாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். சமைத்தால் சாப்பிடுகிறாள். கோப்பைகளைக் கழுவி வைக்கிறாள். முதுகு நோகுது என்றால் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இன்றைக்கு என்ன கறி என்று கேட்பதில்லை. வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்பதில்லை, அலுமாரி முழுவதையும் கிளறித் தானே தேடி எடுக்கிறாள். நேற்றுப் பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தீங்களோ என்று கேட்கவில்லை. எழும்பிப் போய் உப்பை எடுத்து வந்தாள்.

அப்பா ஏன் போனவர் என்று இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும். ஒரு சொல் விடாமல் சொல்லக் காத்திருக்கிறேன். காலையில் இருந்து அவளுக்கு முன்னாலேயே நடமாடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் கேட்கவில்லை.